டெல்டாவில் பழைய கார்: அடைமழைக்கு எந்த டயர், டேங்குக்கு எந்தப் பெட்ரோல்?

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கனடாவில், மான்ட்ரியலில் இருக்கும் என் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, செகண்ட் ஹேண்ட்ல கார் வாங்கிட்டீங்களாமே. வின்டர் டயர் மாத்திட்டீங்களா? இங்க டிசம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள மாத்தலைன்னா ஃபைன் போட்டுடுவாங்க" என்றான். அந்த நேரம் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "இங்க குளிருக்குப் போர்வை போதும் மாப்ள, தண்ணிக்குத்தான் டயர் வேணும்" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அவன் ஊருக்கு அவன் சொன்னது சரி. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். பனிக்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகலாகவே இருக்கும். பக்கச் சுவரில் மூன்று முகட்டு மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அச்சிட்டிருக்கும், அதுதான் அடையாளம். தஞ்சாவூரில் மார்கழி விடிகாலையில் பால் வாங்கப் போகிறவர் தலையில் மப்ளர் கட்டியிருப்பார். வெப்பமோ 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த இளகல் ரப்பரை நம் சித்திரைத் தார்ச்சாலையில் ஓட்டினால் அழிரப்பர் போலத் தேயும், பிரேக் அடித்தால் நிற்கும் தூரமும் கூடும். அதனால் மலையும் பனிப்பூவும் போட்ட டயர் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

ஆனால் அவன் கேள்வியின் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. பருவம் வருமுன் வண்டியைத் தயார் செய்ய வேண்டும். நமக்கு அந்தப் பருவம் ஐப்பசி, கார்த்திகை. பழைய கார் வாங்கியவர்கள் பாட்டு சிஸ்டத்துக்கும் சீட் கவருக்கும் செலவழித்துவிட்டு, டயரை 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று விடுகிறார்கள். அதே ஆள் பெட்ரோல் பங்கில் போய் ஆக்டேன் எண் கூடிய, விலை அதிகமான பிரீமியம் பெட்ரோலைப் போடச் சொல்வார். என் கணக்கில் இது தலைகீழ். டெல்டாவில் பெட்ரோல் தரத்தில் மிச்சம் பிடித்த காசு டயருக்குப் போக வேண்டும்.

முதலில் உங்கள் சாலையைப் பாருங்கள்

நான்கு வழிச்சாலையில் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிறவருக்கும், குடமுருட்டிக் கரையோரம் ஊருக்குள் போய்வருகிறவருக்கும் ஒரே டயர் ஆலோசனை சொல்ல முடியாது. நம் பக்கத்துச் சாலைக்கு வருடத்தில் மூன்று நான்கு முகங்கள் உண்டு.

ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, நடவுக்குச் சேறடிக்க ஆரம்பித்ததும் டிராக்டர்கள் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு வயலிலிருந்து சாலைக்கு ஏறும். பின்னால் தார் மேல் களிமண் பட்டையாக விழும். வெயிலில் அது காய்ந்து கிடந்தால் தொல்லை இல்லை. ஒரு தூறல் விழுந்ததும் சோப்பு தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும். பெருமழைகூட அதைக் கழுவிவிடும், தூறல்தான் ஆபத்து.

எனக்கு இது அனுபவப் பாடம். வண்டி வாங்கின முதல் ஆவணியில் ஆற்றங்கரைச் சாலையில் நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஆடு வந்தது, பிரேக்கை மிதித்தேன். பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் என் காரில் கிடையாது. சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் மெதுவாகப் பக்கவாட்டில் சுற்றிவந்து, மதகுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்துகூட வரவில்லை. "தம்பி, சேத்துல அழுத்திப் புடிக்கக் கூடாதுப்பா. மாட்டுக் கயிறு மாதிரி விட்டு விட்டுப் புடிக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து பின் டயர்களைத் தடவிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரச்சினை வேறு. சாலையில் தண்ணீர் நிற்கும். வேகத்தில் அதில் ஏறினால் டயருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென்று கையில் எடையே இல்லாதது போல லேசாகும். டயரில் ஓடும் பள்ளங்கள் அந்தத் தண்ணீரை வாங்கிப் பின்னால் தள்ளத்தான் இருக்கின்றன. வயலுக்கு வடிவாய்க்கால் எப்படியோ அப்படி. வாய்க்கால் தூர்ந்தால் வயல் மூழ்கும் என்பதை டெல்டாக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

தை, மாசியில் சாலை களமாகிவிடும். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் வெப்பம்: காற்று குறைந்த பழைய டயர் வெடிப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

காரைப் பார்க்கப் போகும்போதே டயரைப் படியுங்கள்

எனக்குக் காரை விற்றவர் நான்கு டயருக்கும் பாலிஷ் அடித்து நிறுத்தியிருந்தார். கறுகறுவென்று கண்ணைப் பறித்தது. அந்தப் பளபளப்பில் மயங்கித்தான் நான் குனிந்து பார்க்கவில்லை. நீங்கள் குனியுங்கள். முழங்கால் வலித்தால், துணைக்கு ஒரு பையனை அழைத்துப் போய் அவனைக் குனியச் சொல்லுங்கள்.

பக்கச் சுவரில் 'டாட்' என்று தொடங்கும் ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் டயர் பிறந்த தேதி. 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதம். ஒரு பக்கத்தில் அந்த நான்கு இலக்கம் இல்லாவிட்டால் டயரின் உள்பக்கச் சுவரில் இருக்கும். செல்போன் விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து டயருக்கும் பாருங்கள். ஆமாம், ஐந்து; ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. என் காரில் முன் டயர் இரண்டும் ஒரு வருடம், பின் டயர் இரண்டும் வெவ்வேறு வயது, ஸ்டெப்னியோ வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்தது. ஒரே குடும்பத்தில் நாலு தலைமுறை.

ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒருமுறையாவது கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடு, எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டவே கூடாது. நம் வெயிலுக்கு நான் ஆறு வருடத்திலேயே மாற்றிவிடுவேன். பள்ளத்தின் அடியில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கோடையில் வெடித்த வயல் மாதிரி மெல்லிய கோடுகள் ஓடினால் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். பாலிஷ் மேலே மூடும், பள்ளத்தின் அடிக்குப் போகாது.

ஆழம் பார்க்க: பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்கே சின்ன மேடு இருக்கும். அது 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது, சட்டப்படியும் ஓட்டக் கூடாது. புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் மழைக்கு 1.6 வரை காத்திருக்காதீர்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் ஐப்பசிக்கு முன் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஆழம் அளக்கும் சின்னக் கருவி நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

தேய்ந்த விதத்தையும் பாருங்கள். டயர் கடைக்காரர் ஒருவர் சொன்னது எனக்குப் பிடிக்கும்: "சார், ஆர்சி புக்ல இல்லாதது எல்லாம் டயர்ல எழுதியிருக்கும்." இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறார்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. மோதி நிமிர்த்திய வண்டியாகக்கூட இருக்கலாம், அடியில் பார்க்கச் சொல்லுங்கள். கையால் தடவும்போது மேடு பள்ளமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செலவு காத்திருக்கிறது. பின் டயரைத் தடவியபோது என் கைக்கு அகப்பட்டது இதுதான்: உள் ஓரம் வழவழவென்று, நூல் தெரிய இன்னும் ஒரு மாதம்.

இங்கே வெள்ளத்தில் மூழ்கிய வண்டி பற்றியும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வெளி மாவட்டங்களில் கைமாறுவது உண்டு. ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியின் மூலையில் விரலை விடுங்கள், வண்டல் படிந்திருக்கிறதா என்று. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு இருந்தால் திரும்பி வந்துவிடலாம். வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

டயர் வாங்கும்போது

டயரில் 165/80 ஆர் 14 85டி என்று இருக்கும். என் மாருதி ஸ்விஃப்டில் இதுதான். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் நூல் அடுக்கிய விதம். 14 என்பது ரிம்மின் அங்குலம். 85 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்பது வேகம், 190 கிலோமீட்டர் வரை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்குரிய அளவு இருக்கும். முந்தைய சொந்தக்காரர் ஆசைக்கு அகல டயர் போட்டிருக்கலாம். அதை அப்படியே நகல் எடுக்காமல் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். காய்ந்த சாலையில் ஓரளவு உண்மை. தேங்கிய தண்ணீரில் நேர்மாறு. அகலமான டயர் ஒரே நேரத்தில் அதிகத் தண்ணீரை விலக்க வேண்டும், எடையோ பரவிவிடுகிறது, அதனால் சீக்கிரம் மிதக்கும். பக்கச் சுவர் குட்டையான டயர் நம் ஊர்ச் சாலைக் குழியில் இறங்கினால் ரிம்மும் வளையும். மழைக்காலக் கிராமச் சாலைக்குக் கம்பெனி கொடுத்த ஒல்லி டயர்தான் நல்லது. பார்க்க அழகில்லை என்றாலும்.

பட்டனில் என்ன பார்ப்பது? சுற்றளவு முழுக்க நேராக ஓடும் அகலமான பள்ளங்கள் மூன்று அல்லது நான்கு இருக்க வேண்டும், அவற்றிலிருந்து ஓரத்துக்கு வெட்டுகள் பிரிய வேண்டும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே தண்ணீர் வெளியே போக வேண்டும். கட்டை கட்டையாகப் பெரிய பட்டன் வைத்த சேற்று டயர்களும் விற்கிறார்கள். அவை வயலுக்குள் ஓட்டுகிற ஜீப்புக்கு. தார் மேல் நனைந்த களிமண்ணில் அவை பெரிதாக உதவாது, இரைச்சல் மட்டும் போடும். எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) என்ற எழுத்தைப் பார்த்து, சேற்றுக்கு ஏற்றது என்று கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம்.

'ரொம்ப நாள் உழைக்கும்' என்று கடைக்காரர் புகழும் டயர் பெரும்பாலும் கெட்டி ரப்பர். கெட்டி ரப்பர் நனைந்த சாலையில் பிடிப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு எழுபதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் டயர் எதற்கு? தேய்வதற்குள் வயதாகிவிடும். அப்படிப்பட்டவர் ஈரப் பிடிப்பைக் கேட்டு வாங்குவதே லாபம்.

பிராண்ட் விஷயத்தில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. எம்.ஆர்.எஃப் ஆலை பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அப்போலோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன் என்று எல்லாமே கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்க் கடைகளில் கிடைக்கின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தயாரித்த வாரம் என்ன என்பதை மட்டும் ரிம்மில் ஏற்றுவதற்கு முன் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு வருடம் தாண்டியது என்றால் வேறு கேளுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில் போடும்போது ஒரு கண் வையுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டியும் இல்லை.

நாலும் மாற்ற வசதி இல்லை, இரண்டுதான் என்றால்? இங்கேதான் கடையில் சண்டை வரும். "முன்னாடிதான் சார் இன்ஜின் இழுக்குது, புதுசை முன்னாடி போடணும்" என்பார்கள். டயர் கம்பெனிகள் சொல்வது இதற்கு எதிர்: புதிய இரண்டும் பின்னால் போக வேண்டும். காரணம் எளிது. ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றும், நம் போன்ற சாதாரண ஓட்டுநர் அதைத் திருத்த முடியாது. மதகுச் சுவர் அருகே எனக்கு நடந்தது அதுதான். கடைக்காரரிடம் நான், "அண்ணே, புதுசு பின்னாடி, பழசுல நல்லதா ரெண்டு முன்னாடி" என்று சொன்னபோது, "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று உதட்டைப் பிதுக்கினார். ஆனால் போட்டுக்கொடுத்தார்.

டயர் மாற்றும்போது வால்வையும் மாற்றுங்கள், சில பத்து ரூபாய்தான். அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் அன்றே. நைட்ரஜன் நிரப்பச் சொன்னால் உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். புது டயரின் மேல் அச்சிலிருந்து எடுக்கும்போது பூசிய வழுவழுப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும், முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்.

காற்று வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கதவுத் தூணில் உள்ள அளவை டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் கிளம்பிய இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். காற்று குறைந்த டயர் நடுவில் குழிந்து தண்ணீரை உள்ளே பிடித்துக்கொள்ளும், இன்னும் சீக்கிரம் மிதக்கும்.

பெட்ரோல்: ஆக்டேன் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல. இன்ஜினுக்குள் அழுத்தும்போது, தீப்பொறி வரும் முன்பே தானாக வெடிக்காமல் எவ்வளவு பொறுமையாக இருக்கும் என்பதன் அளவு. இன்ஜின் அந்தப் பொறுமையைக் கேட்காவிட்டால் கூடுதல் ஆக்டேனால் பயன் இல்லை. பழைய கார் சந்தையில் சுற்றும் பெரும்பாலான சாதாரணப் பெட்ரோல் கார்களின் கையேட்டில் 91 போதும் என்றுதான் இருக்கும். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தையும் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள். டர்போ இன்ஜின் வைத்த சில கார்கள் 95 கேட்கலாம், கேட்டால் கொடுங்கள்.

அப்புறம், நம் ஊர் தட்டை. மலை கிடையாது. இன்ஜின் மூச்சு வாங்குவதெல்லாம் ரயில்வே மேம்பாலத்திலும் கொள்ளிடப் பாலத்து ஏற்றத்திலும்தான். அங்கே நாலாவது கியரில் ஏற்றும்போது 'டக டக'வென்று கோலிகுண்டு உருட்டுவது போல் சத்தம் வந்தால், முதலில் கியரைக் குறையுங்கள். அப்போதும் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கரி படிந்திருக்கலாம், ஸ்பார்க் பிளக் தவறாக இருக்கலாம். பிரீமியம் பெட்ரோல் ஊற்றி அந்தச் சத்தத்தை அடக்குவது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டு வயலுக்குப் போவது போல.

கணக்கும் போட்டுவிடுவோம். மாதம் 60 லிட்டர், பிரீமியம் லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் மாதம் 480, வருடத்துக்கு 5,760. என் அளவு டயர் ஒன்று அந்தக் காசுக்குள் வந்துவிடும்.

இப்போது எத்தனால். நாடு முழுக்க 10 சதவீதக் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் பெரும்பாலும் எல்லா பங்குகளிலும் அதுவே என்றாகிவிட்டது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் உடைந்த அரிசியிலிருந்தும் இந்த எத்தனால் வருகிறது. நொய்க்கஞ்சி குடித்த ஊரில் கார் நொய் குடிக்கிறது. எத்தனாலுக்கே ஆக்டேன் அதிகம் என்பதால் இ20 கலந்ததும் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனும் முன்பைவிடக் கூடிவிட்டது. இதையும் நினைவில் வைத்தால் பிரீமியத்துக்கான காரணம் இன்னும் குறைகிறது.

ஆனால் எத்தனாலில் எரிசக்தி குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, எத்தனாலுக்காக வடிவமைக்காத, 10 சதவீதத்துக்கு மட்டும் சரிசெய்யப்பட்ட நாலு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6-7 சதவீதம் குறையும் என்று சொன்னது. 16 கொடுத்த கார் 15 கொடுத்தால் மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்கள் இ20-க்கு ஏற்ற ரப்பர், பிளாஸ்டிக்கோடு வருகின்றன. அதற்கு முந்தைய கார் வாங்கினால் செய்ய வேண்டியது: பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள், ஊறி உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். ஃபியூவல் ஃபில்டரை ஒருமுறை மாற்றுங்கள். எத்தனால் பழைய டேங்கின் படிவைக் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரில் அடைக்கும். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் அன்றே காட்டுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். கார்புரேட்டர் வைத்த மாருதி 800 மாதிரியான வண்டி என்றால் இந்தச் சோதனையை வருடா வருடம் செய்வது நல்லது.

டெல்டாவில் எனக்கு ஆக்டேனைவிடக் கவலை தண்ணீர். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டித் தண்ணீர் புகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். பங்கின் தொட்டி நிலத்தடியில் இருக்கிறது; மழை வெள்ளம் பங்கு வளாகத்தில் நின்றால் மூடி வழியாகக் கசிய வாய்ப்பு உண்டு. ஒரு கார்த்திகையில், முந்தின நாள் வரை தண்ணீர் நின்ற ஒரு பங்கில் அவசரத்துக்குப் போட்டேன். இரண்டு கிலோமீட்டரில் வண்டி விக்கி விக்கி நின்றது. மெக்கானிக் டேங்கை வடித்து ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே வைக்கோல் நிறம், அடியில் இரண்டு விரற்கடை அளவு கலங்கலாக வேறொன்று. அன்றிலிருந்து மழை நாட்களில் மேட்டில் இருக்கும், லாரியும் பஸ்ஸும் ஓயாமல் வந்து போகும் பங்கில் மட்டும்தான் போடுகிறேன். சரக்கு வேகமாகத் தீர்ந்தால் பழசு தங்காது. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே நிரப்பிவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்தபின் மின்சாரம் இல்லாமல் நாட்கணக்கில் தவித்த ஊர்களுக்கு இது புரியும். நிறுத்தி வைக்கும் காரிலும் டேங்க் நிறைவாக இருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறைவு.

சந்தேகம் வந்தால் பங்கில் ஃபில்டர் பேப்பர் கேட்கலாம், அது உங்கள் உரிமை. ஒரு சொட்டு விட்டு உலர்ந்ததும் கறை இல்லாவிட்டால் சரி. அடர்த்தியையும் அளந்து காட்டச் சொல்லலாம். அளவில் சந்தேகமா, ஐந்து லிட்டர் குவளை கேளுங்கள். 25 மில்லி வரைதான் கூடவோ குறையவோ இருக்கலாம்.

நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்கள் காரைக்காலில் பெட்ரோல் போடுவது ஊரறிந்த ரகசியம். புதுச்சேரி வரி குறைவு என்பதால் விலையும் குறைவு. போகிற வழி என்றால் தாராளமாகப் போடுங்கள். அதற்கென்றே போகிறவர் கணக்குப் பாருங்கள்: லிட்டருக்கு 4 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், 30 லிட்டர் போட்டால் 120. போய்வர 40 கிலோமீட்டர் என்றால் இரண்டரை லிட்டருக்கு மேல் எரிந்துவிடும், அதாவது ஏறக்குறைய 260 ரூபாய். திருநள்ளாற்றில் கும்பிட்டுவிட்டு வருவதாக இருந்தால் கணக்கு வேறு.

டீசல் கார் பார்க்கிறவர்களுக்குச் சுருக்கமாக. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய, அவ்வப்போது அரை மணி நேரமாவது நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். ஆடுதுறையிலிருந்து பக்கத்துத் திருவிடைமருதூர் வரை மட்டும் ஓட்டுகிறவருக்கு அது அடைத்துக்கொண்டு பெரிய செலவு வைக்கும். குறைந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் காரே மேல். டீசல்தான் என்றால், ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை மழைக்காலத்தில் வடிக்கச் சொல்லுங்கள்.

தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனோடு இணைந்த கம்பி (கனெக்டிங் ராடு) வளைந்துவிடும். தள்ளுங்கள். காப்பீடு எடுக்கும்போது இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்ப்பது நம் பக்கத்தில் வீண் செலவு அல்ல.

தை பிறந்த பிறகு

அறுவடை வந்ததும் சாலையில் நெல் காயும், வைக்கோல் காயும், கொஞ்ச நாளில் உளுந்துச் செடியும் எள்ளும் பரப்புவார்கள், போகிற வண்டிகள் அடித்துக் கொடுக்கட்டும் என்று. விவசாயிக்குக் களம் இல்லை, குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வைக்கோல் மேல் ஓட்டினால் அது சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும், இன்ஜினுக்கு அடியில் செருகிக்கொள்ளும். அங்கே புகையைச் சுத்திகரிக்கும் பகுதி நெருப்பாகக் கொதிக்கிறது. திருவாரூர்ப் பக்கம் ஒருநாள் இப்படி ஏறி இறங்கிக் கொஞ்சத் தூரம் போனதும் கருகல் வாடை. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் அடியில் மெல்லிய புகை. வயலில் இருந்த அம்மா ஒருவர் அரிவாளோடு ஓடி வந்து, "எட்டி நில்லு தம்பி" என்று சொல்லி, கொத்துக் கொத்தாக இழுத்துப் போட்டார். அவர் உலர்த்திய வைக்கோல்தான் அது. என்னைவிட அவருக்குத்தான் பதற்றம்.

முடிந்தால் வைக்கோல் இல்லாத ஓரமாகப் போங்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் நிற்காமல் மெதுவாகக் கடந்து, நூறு மீட்டர் தள்ளி இறங்கிக் குனிந்து பாருங்கள். வைக்கோல் மேலேயே வண்டியை நிறுத்தி வைக்கவே கூடாது. என் டிக்கியில் இப்போது ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், முனையில் கொக்கி வளைத்த ஒரு மூன்றடிக் கம்பி கிடக்கிறது.